கூடாரத்தின் துணிச்சுவர்

இவ்வாரத் தியானப் பகுதி: ஆதியாகமம் 18:1–15



மம்ரேயின் மரநிழலில் ஆபிரகாம் மூன்று விருந்தினருக்கு உணவு பரிமாறிய நிகழ்ச்சி நம் அனைவருக்கும் தெரிந்ததே. அப்போது அவருக்கு வயது 99. சாராள் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆடுமாடுகளும் வெள்ளியும் பொன்னும் நிறைந்த செல்வர் அவர். தம் வீட்டில் பிறந்த வேலைக்காரர் 318 பேரை ஆயுதம் தரிப்பித்துப் போருக்கு அழைத்துச் சென்றவர். எனினும் அவரும் அவர் மனைவியும் வாழ்ந்தது கூடாரத்தில். விருந்தினர் சாராள் எங்கே என்று விசாரிக்கிறார்கள். கூடாரத்துக்குள் இருப்பதாக ஆபிரகாம் விடையளிக்கிறார். ஒரு குமாரன் பிறப்பான் என்ற வாக்குத்தத்தம் அப்போது ஆபிரகாமிடம் உரைக்கப்படுகிறது. அவருக்குப் பின்புறமாகக் கூடாரவாசலில் நின்றிருந்த சாராளும் அதைக் கேட்கிறாள். கேட்டு உள்ளத்தில் நகைக்கிறாள்.

சாராளின் நகைப்பைக் குறித்து நாம் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவள் செவியில் அந்த வார்த்தை எப்படி விழுந்தது என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம். மரத்தடிக்கும் அவளுக்கும் இடையே இருந்தது ஒரு துணிச்சுவர் மட்டுமே. அது பல அறைகள் கொண்ட மாளிகையாக இருந்திருந்தால், முற்றத்தில் பேசப்பட்டது அடுக்களையில் நின்றவளுக்கு எட்டியிராது. இருவர் வாழ்வையும் மாற்றவிருந்த வார்த்தையை இருவரும் ஒரே நேரத்தில் கேட்கும்படி அவர்கள் வசிப்பிடம் சிறியதாயிருந்தது. கடந்த ஜனவரியில் நானும் என் துணைவியாரும் ஐந்து நாள்கள் ஒரு வேனுக்குள் வாழ்ந்தபோதுதான் இந்தச் செய்தி என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

வருகிற மே மாதத்தோடு நான் பணி ஓய்வு பெறுவதை நீங்கள் அறிவீர்கள். 33 ஆண்டுகளில் ஏழு சேகரங்களில் ஊழியம் செய்திருக்கிறோம். ஏழு போதகர் இல்லங்களில் வாழ்ந்தோம், ஒன்றும் எங்களுடையதன்று. ஒவ்வொரு மாற்றலின்போதும் ஒரு லாரியில் எங்கள் குடும்பம் அடங்கிவிடும். இப்போதுதான் முதன்முறையாகச் சொந்தமாக ஒரு கூரை வேண்டியிருக்கிறது. தக்கலைக்கு அருகே என் துணைவியாரின் குடும்பப் பங்காக ஆறு சென்ட் நிலம் உண்டு. அதில் 1,850 சதுர அடியில் வீடு கட்ட ஒரு பொறியாளர் பிளான் வரைந்து தந்திருந்தார். முன்புறம் விசாலமான ஹால், மாடியில் பிள்ளைகளுக்கு இரண்டு அறைகள். ஓய்வுக்கால நிதி முழுவதும் செலவாகும். அதற்கு மேலும் கடன் வாங்க வேண்டும். மாத இறுதிக்குள் முடிவைச் சொல்வதாக வாக்களித்திருந்தோம்.

அந்த நாள்களில்தான் வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய நம் சபைச் சகோதரர் ஒருவர் தமது ஆம்னி வேனை எங்களிடம் தந்தார். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஆறடிக்குச் சற்றுக் குறைவான பலகைக் கட்டில் ஒன்றை அதில் பொருத்தியிருந்தார். கட்டிலுக்கு அடியில் சிறிய கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன், இரண்டு பாத்திரங்கள், சன்னலுக்குக் கொசுவலை. மேலைநாடுகளில் ஓய்வுபெற்ற தம்பதியர் காரின் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு மலைப்பாதைகளில் பயணம் செய்வதுண்டு; டிராவல் டிரெய்லர் என்பார்கள். நம் முன்னோருக்குக் கூண்டு வண்டி இருந்தது. எங்களுக்கு இந்த வேன் வாய்த்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆராதனைகள் நிறைவுற்று, பொங்கலும் கழிந்த ஒரு திங்கட்கிழமை காலையில் ஜெபித்துப் புறப்பட்டோம். மலையை ஒருமுறை சுற்றி வந்து, ஞாயிறு ஆராதனைக்கு முன் வீடு திரும்புவது எங்கள் திட்டம்.

எந்த மலை என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்தின் வடக்கே நிற்கும் அகத்தியமலைத் தொடர்தான். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் கிழக்கே தாமிரபரணி இறங்கித் திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்துகிறது. மேற்கே நெய்யாறு இறங்குகிறது. அதன் இருபுறத்தையும் இணைக்கும் கணவாய்கள் நம் மக்களுக்குப் பழக்கமானவை: தெற்கே ஆரல்வாய்மொழி, வடக்கே ஆரியங்காவு. முன்னதில் வெளியேறி, பின்னதில் உள்நுழைந்து வருவதே எங்கள் வழி.

தோவாளையின் பூச்சந்தையைக் கடந்து ஆரல்வாய்மொழியை அடைந்தபோது, கணவாயின் காற்றாலைகள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. 1806ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்குள் காலடி வைத்தது இந்த வழியாகத்தான். மயிலாடியில் 1809இல் ஆலயம் எழுந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளாதவர். மிக எளிய குடிலில் வாழ்ந்தார். தம் ஊதியத்தைப் பிறருக்கே செலவிட்டார். 1816இல் இந்த மண்ணை விட்டுச் சென்றபோது தமக்கென்று இங்கே ஒரு சொத்தையும் வைத்துச் செல்லவில்லை. இன்று நம் மாவட்டத்தில் எத்தனையோ ஆலயக் கோபுரங்கள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் தொடக்கம் ஒரு குடிலில் இருந்தது என்பதை வண்டியோட்டிக்கொண்டே பேசிச் சென்றோம்.

வள்ளியூர், களக்காடு, சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரத்தை அடைந்து, அருகே ஒரு கிராமத்து ஆலய வளாகத்தில் இரவு தங்கினோம். சம்பா அரிசிக் கஞ்சியும் காணத்துவையலும் அன்றைய இரவுணவு. அந்த முதல் இரவு பழக்கமற்றதாயிருந்தது. போதகர் இல்லத்தின் கதவு எந்நேரமும் தட்டப்படும். நோயாளி, வழக்கு, சாவு, திருமண ஓலை என்று யாராவது வந்து நிற்பார்கள். 33 ஆண்டுகளாக எங்கள் இருவருக்கும் நடுவே சபை என்னும் பெரிய குடும்பம் அமர்ந்திருந்தது. அது எங்களுக்குக் கிடைத்த பாக்கியமே. அன்றிரவோ வேனின் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை. ஒருவர் புரண்டு படுத்தால் மற்றவருக்கு விழிப்பு வந்துவிடும். பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. பெருமூச்சைக்கூட மறைக்க இயலாது.

மறுநாள் கடையம், தென்காசி, குற்றாலம். சாரல் காலம் கடந்துவிட்டதால் அருவி மெலிந்திருந்தது. மாலையில் செங்கோட்டையை அடைந்தோம். நமக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. மலையின் கிழக்கே இருந்தும் செங்கோட்டை திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நம் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்த அதே நாளில் செங்கோட்டையும் இணைந்தது. எல்லைக்கோடுகள் ஒரே நாளில் மாறின. மனிதர்கள் தங்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

அன்றிரவு புளியரைக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில், உரிமையாளரின் அனுமதியோடு வண்டியை நிறுத்தினோம். கணவாயிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. மரம் ஏற்றிய லாரிகள் சென்றுகொண்டிருந்தன. நள்ளிரவு தாண்டியிருக்கும். "முழிச்சா இருக்கியோ?" என்று என் துணைவியார் மெல்லக் கேட்டார்.

"ஆமா, சொல்லு."

"அந்த ஹாலை யாருக்காகக் கட்டுதோம்?"

சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "மே மாசத்துக்குப் பிறகு நம்ம கதவை யாரு தட்டுவா? அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. ஹால் பெருசா இருந்தா ஆளு வரும்னு மனசுக்குள்ள ஒரு எண்ணம்."

அன்பானவர்களே, அந்தப் பயம் என்னுள்ளும் இருந்தது. எல்லோருக்கும் ஆறுதல் சொல்லும் இருவர், தங்களுக்கு ஆறுதல் தேவைப்படும் இடத்தை ஒருவருக்கொருவர் அந்த இருட்டில் காட்டிக்கொண்டோம். இத்தகைய பேச்சு பகலில், வெளிச்சத்தில், வேலைகளுக்கிடையே எழாது. அதற்கு நெருக்கம் வேண்டும். அடுத்த அறைக்கு எழுந்து போக இயலாத நெருக்கம். அந்த இரவில் நாங்கள் முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. பயத்தை மட்டும் பெயர் சொல்லி அழைத்தோம். பின்பு இருவரும் ஜெபித்தோம்.

மூன்றாம் நாள் ஆரியங்காவு கணவாயில் ஏறினோம். கழுதுருட்டிக்கு அருகே சாலையோரமாகப் பதின்மூன்று கண் பாலம் நிற்கிறது. 1904இல் கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்ட காலத்தின் கற்பாலம் அது. அகல இரயில் பாதையாக மாற்றும் பணி நடந்தபோது பாலத்தை இடித்துவிடவில்லை. பழைய தூண்களையே வலுப்படுத்தினார்கள். 2018 முதல் அவற்றின்மேல் அகலப் பாதை இரயில்கள் ஓடுகின்றன. பாலத்தின் நிழலில் நின்று கட்டன்சாயா குடித்தபோது என் துணைவியார், "தூண் பழசுதான், பாதைதான் புதுசு" என்றார். ஓய்வுக்காலத்தைக் குறித்து நான் படித்த எந்தக் கட்டுரையும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

தென்மலையில் இரவு தங்கிவிட்டு, நான்காம் நாள் குளத்துப்புழை வழியாகச் சென்றோம். அங்கே இரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே தமிழ்க் குரல்கள் கேட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்காகப் புனலூரை மையமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்டங்கள் இந்தப் பகுதியில் அமைக்கப்பட்டன. சாலையோரத் தேநீர்க் கடையில் எழுபதைக் கடந்த ஒரு தம்பதியரைச் சந்தித்தோம். மணமான புதிதில் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்தவர்கள். பிறந்தது தேயிலை மலையில், உழைத்தது இரப்பர்க் காட்டில், பேசுவது தமிழ், வாழ்வது கேரளத்தில். உங்கள் சொந்த ஊர் எது என்று என் துணைவியார் கேட்டார். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, கண்ணாடித் தம்ளரைக் கையில் பிடித்திருந்த தம் கணவரைக் காட்டி, "ஊருன்னா எனக்கு இவருதாம்மா" என்றார்.

எங்கள் பயணம் நாங்கள் விரும்பி மேற்கொண்டது. ஐந்தாம் நாள் வீடு திரும்பிவிடலாம். அவர்களுடையது அவர்களைக் கேட்டு நடந்ததன்று. தேயிலை மலையில் அவர்கள் விட்டு வந்த லயத்தின் கதவு இனி அவர்களுக்குத் திறக்காது. ஆகவே அந்த வார்த்தையை இனிய மொழியாக மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துவிட எங்களால் முடியவில்லை. எல்லாவற்றையும் இழந்த பின் எஞ்சியிருந்ததைக் கையால் தொட்டுக் காட்டுகிறவரின் சாட்சி அது.

அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் வரும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரை அங்கே நினைத்துக்கொண்டோம். அவர்களும் அரச கட்டளையால் ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டவர்கள். அவர்கள் தொழிலே கூடாரம் பண்ணுவது. கொரிந்துவிலும் எபேசுவிலும் மீண்டும் ரோமாபுரியிலும் அவர்களைக் காண்கிறோம். வேதத்தில் எங்கெல்லாம் அவர்கள் பெயர் வருகிறதோ, அங்கெல்லாம் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. அவர்கள் வீட்டில் சபை கூடிற்று என்று பவுல் எழுதுகிறார். அந்த வீட்டின் அளவை எழுதவில்லை.

பாலோடு, விதுரை வழியே மலையின் மேற்கு அடிவாரத்தில் கடைசி இரவு. கிழக்கே அம்பாசமுத்திரத்தில் காலையில் வெளிச்சம் பட்டுத் துலங்கிய மலைமுகம், இங்கே விடியும்போது சூரியனுக்கு முன்னால் கருநீலமாக நின்றது. ஒரே மலைதான், நாங்கள் நின்ற இடம் மாறியிருந்தது. உபாகமம் இரண்டாம் அதிகாரத்தில், மலைநாட்டைச் சுற்றியது போதும், வடக்கே திரும்புங்கள் என்ற கருத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தருடைய வார்த்தை வருகிறது. எங்களுக்குத் தெற்கே திரும்பும் நேரம் வந்தது.

காட்டாக்கடை, வெள்ளறடை வழியே வந்து காரக்கோணத்தில் டாக்டர் சோமர்வெல் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரியைக் கடந்தோம். 1924 ஜூன் மாதத்தில் எவரெஸ்டின்மேல் ஏறத்தாழ 26,800 அடி உயரத்தில் ஒரு சிறு கூடாரத்துக்குள் நார்ட்டனோடு இரவைக் கழித்து, மறுநாள் பிராணவாயு உருளை இல்லாமல் 28,000 அடி வரை ஏறியவர் அவர். சிகரத்தைத் தொடவில்லை. அதற்கு முன்பே, 1922இல் நெய்யூர் மருத்துவமனையைக் கண்டபோது தம் வாழ்வை எங்கே செலவிடுவது என்று தீர்மானித்திருந்தார். 1925இல் மார்கரெட் அம்மையாரை மணந்தார். நெய்யூரே அவர்கள் இல்லமாயிற்று. உலகின் மிக உயர்ந்த மலையில் கூடாரம் அடித்தவரை நம் மக்கள் நினைவில் வைத்திருப்பது அந்த உயரத்துக்காக அன்று. நோயாளியின் கட்டிலுக்கு அருகே அவர் குனிந்ததற்காக.

களியக்காவிளையில் எல்லை தாண்டி, மார்த்தாண்டத்தின் நெரிசலில் நின்றிருந்தபோது என் துணைவியார் பிளானை எடுத்து மடியில் விரித்தார். பென்சிலால் ஹாலின் பாதியை அடித்தார். மாடியை முழுவதுமாக அடித்தார். எஞ்சியது இரண்டு அறை, ஓர் அடுக்களை, முன்னால் ஒரு திண்ணை. "திண்ணை போதும். வாறவங்க அதில இருக்கட்டு. உள்ள நாம பேசுறது நமக்குக் கேக்கணும்" என்றார். பொறியாளரிடம் அப்படியே சொல்லிவிட்டோம். கடன் வாங்கும் தேவை இல்லாமல் போயிற்று. போதகர் ஒருவர் ஓய்வுபெற்றுக் கட்டும் வீடு இவ்வளவு சிறியதா என்று உறவினர் சிலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் வீட்டின் அளவே குடும்பத்தின் மதிப்பென்று எண்ணும் வழக்கம் இருக்கையில், அந்தக் கேள்வி எழுவது இயல்பே.

பெரிய வீடு பாவமென்று நான் சொல்லவில்லை. வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துக் காக்கிற இல்லங்களுக்கு இடம் வேண்டும். ஆனால் நம் சேகரத்து வீடுகளைச் சந்திக்க வரும்போது நான் காண்பது வேறொன்று. வளைகுடாவிலும் கனடாவிலும் பிள்ளைகள் உழைத்துக் கட்டிய மூன்று மாடி வீடுகளில் இரண்டே பேர் வாழ்கிறார்கள். ஐயா முன்னறையில் செய்தி பார்க்கிறார். அம்மா பின்னறையில் தொலைபேசியில் பேரப்பிள்ளையின் முகம் பார்க்கிறார். மாடியறைகள் பூட்டிக் கிடக்கின்றன. இருவருக்கும் இருமல் வந்தால்கூட ஒருவர் இருமுவது மற்றவருக்குக் கேட்பதில்லை. அவர்களுக்கிடையே பகை ஒன்றும் இல்லை. சுவர்கள்தான் அதிகம்.

சுவரை இடிக்க நம்மால் இயலாது. அதன் தேவையும் இல்லை. வாரத்தில் ஒருநாளாவது வீட்டின் மிகச் சிறிய அறையைக் கூடாரமாக்கிக்கொள்ளலாம். தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் வெளியே விட்டுவிட்டு, ஒரே விளக்கின் கீழ் அமர்ந்து ஒரே பாத்திரத்துக் கஞ்சியைப் பகிருங்கள். குடும்ப ஜெபத்தில் இருவர் குரலும் ஒலிக்கட்டும். ஒருவர் ஜெபித்து மற்றவர் ஆமென் சொல்வதோடு முடிய வேண்டாம். ஒருவருக்கொருவர் இதுவரை சொல்லாத பயம் ஒன்றிருந்தால் அதைச் சொல்லுங்கள். துணையை இழந்து தனியே வாழ்கிறவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கிற தூரத்தில் இருப்பது சபையாராகிய நம் கடமை.

ஆபிரகாம் கானான் தேசத்தில் விலை கொடுத்துத் தமக்கென வாங்கியதாக ஆதியாகமம் 23ஆம் அதிகாரம் கூறும் நிலம், சாராளை அடக்கம்பண்ணுவதற்கான மக்பேலா. 400 சேக்கல் வெள்ளி கொடுத்தார். அவளோடு வாழ்ந்த காலமெல்லாம் கூடாரமே போதுமானதாயிருந்தது. நம்மில் பலர் வீட்டுக்காகச் செலவிட்ட ஆண்டுகளை எண்ணிச் சொல்லுவோம். அருகே இருப்பவரின் குரலைக் கேட்பதற்குச் செலவிட்ட நாழிகைகளையும் எண்ணுவோமாக. அந்தக் குரல் கேட்கிற காலம் வரையறுக்கப்பட்டது.

ஜெபம்: எங்களோடு வாசம்பண்ணுகிற தேவனே, எங்கள் வீடுகளில் நீர் பேசும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்கும் செவியைத் தாரும். தனித்திருப்போரின் கதவை நாங்கள் தட்டக் கிருபை செய்யும். வீடின்றி அலைவோருக்கு அடைக்கலமாயிரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.